அது சாக்கடை இல்லை, ஓடையின் வாய்

கேள்வி சுருக்கமாக இது: அமெரிக்கப் புறநகர் ஒன்றில் சொந்த வீடு. வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடிக்க ஆள் வைத்திருக்கிறார்கள். வேலை முடிந்ததும் அவர் பிரஷ், ரோலர் எல்லாவற்றையும் கழுவி, வாளித் தண்ணீரைத் தெருவோரக் கம்பித்தட்டிக்குள் ஊற்றிவிட்டுப் போய்விட்டார். மூன்றாம் நாள் நகராட்சியிலிருந்து வீட்டுக்காரர் பெயருக்கு நோட்டீஸ். "சாக்கடை என்பதே அழுக்குத் தண்ணீர் போகத்தானே? ஊற்றியது அவர், நோட்டீஸ் எங்களுக்கு ஏன்? இனிமேல் வாசலில் கார் கழுவினாலும், ஏசி தண்ணீர் வழிந்தாலும், நீச்சல் குளத்தைக் காலி செய்தாலும் அபராதம்தானா?"

நான் வேறொரு அமெரிக்க நகராட்சியில், மழைநீர்ப் பிரிவில் பல வருஷம் ஆய்வாளராக இருந்தவன். இதே மாதிரி நோட்டீஸை நானே எத்தனையோ வீட்டுக் கதவில் மாட்டியிருக்கிறேன். உங்கள் ஊர் விதியின் வரிகளை நான் பார்க்கவில்லை. ஆனாலும் அதில் என்ன இருக்கும் என்று முக்கால்வாசி சொல்லிவிட முடியும். ஏன் சொல்ல முடியும் என்பதும் பதிலில் வரும்.

முதலில் 'சாக்கடை' என்ற சொல்லைக் கொஞ்சம் ஓரமாக வைப்போம். சமையலறைத் தொட்டித் தண்ணீர் போகும் குழாயையும் தெருவில் மழைத் தண்ணீர் விழும் ஓட்டையையும் தமிழில் நாம் ஒரே சொல்லால் சொல்லிப் பழகிவிட்டோம். குழப்பம் பாதி அங்கேதான் தொடங்குகிறது. உங்கள் தெருவுக்கு அடியில் ஒன்றோடொன்று சேராத இரண்டு குழாய்கள் போகின்றன. கழிப்பறை, குளியலறை, சமையலறைத் தொட்டி, துணி துவைக்கும் மெஷின் எல்லாம் ஒரு குழாயில் சேரும். அது கழிவுநீர்க் குழாய். அதன் கடைசியில் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. அங்கே அழுக்கை நுண்ணுயிர்களைக் கொண்டு தின்ன வைத்து, வண்டலைப் பிரித்து, கிருமியைக் கொன்ற பிறகுதான் தண்ணீரை ஆற்றில் விடுகிறார்கள்.

தெருவோரக் கம்பித்தட்டி இரண்டாவது குழாயின் வாய். அதன் கடைசியில் ஒன்றுமே கிடையாது. கம்பிக்குக் கீழே இலையும் மணலும் தங்குவதற்கு ஒரு சிறு தொட்டி இருக்கலாம், அவ்வளவுதான். அதைத் தாண்டிய தண்ணீர் நேராகப் பக்கத்து ஓடையிலோ ஏரியிலோ கடலிலோ போய் விழும். நம் ஊரில் ஏரிக்கு வரத்துக்கால் என்று ஒன்று இருக்குமே, அதைக் கான்கிரீட் குழாயாக்கி மண்ணுக்கு அடியில் புதைத்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். வரத்துக்காலில் வாளியைக் கொட்டினால் கொட்டியது ஏரியில்தான் என்று கிராமத்தில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. குழாய் புதைந்து கண்ணுக்கு மறைந்ததும் மனசுக்கும் மறைந்துவிட்டது. பல நகரங்கள் கம்பித்தட்டிக்குப் பக்கத்தில் மீன் படம் போட்ட ஒரு சிறு தகட்டை ஒட்டி வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான். உங்கள் தெருவிலும் இருக்கலாம், குனிந்து பாருங்கள்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. பழைய நகரங்கள் சிலவற்றில் இரண்டு தண்ணீருக்கும் ஒரே குழாய்தான். அமெரிக்காவில் ஏறக்குறைய 700 ஊர்களில் இன்னும் அந்த ஏற்பாடு இருக்கிறது. நியூயார்க், பிலடெல்பியா நகரங்களின் பெரும்பகுதிகளும், சான் பிரான்சிஸ்கோ கிட்டத்தட்ட முழுவதும் அப்படித்தான். அங்கே தூறல் போட்டால் மழைநீரும் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். பேய்மழை அடித்தால் குழாய் கொள்ளாமல் இரண்டும் கலந்து ஆற்றில் கொட்டும். அதனால் அந்த ஊர்களிலும் கம்பித்தட்டிக்குள் கண்டதை ஊற்ற யாரும் உரிமை தருவதில்லை. நீங்கள் இருப்பது புறநகர் என்பதால் உங்களுக்குப் பெரும்பாலும் தனித்தனிக் குழாய்தான்.

சரி, நகராட்சிக்கு இதில் என்ன இவ்வளவு அக்கறை? உண்மையைச் சொன்னால், அக்கறை பாதி, பயம் பாதி.

1969 ஜூன் மாதம் கிளீவ்லாந்தில் குயஹோகா ஆறு தீப்பிடித்து எரிந்தது. மேலே மிதந்த எண்ணெய்தான் எரிந்தது. அந்த ஆறு எரிவது அது முதல் முறையும் அல்ல. அந்தக் காலத்துக் கோபத்தின் விளைவாக 1972-ல் தூய நீர்ச் சட்டம் வந்தது. ஆனால் சட்டத்தின் கண் அப்போது தொழிற்சாலைக் குழாய் மேலும் கழிவுநீர்க் குழாய் மேலும்தான் இருந்தது. மழைத் தண்ணீரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வானத்திலிருந்து விழுவதில் என்ன அழுக்கு இருக்கப்போகிறது என்ற எண்ணம்தான். 1979 முதல் 1983 வரை இ.பி.ஏ, அதாவது மத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, பல நகரங்களில் தெருவில் ஓடும் மழைநீரைப் பிடித்துச் சோதித்தது. செம்பு, ஈயம், துத்தநாகம் எல்லா இடத்திலும் கிடைத்தன. தொழிற்சாலைக் குழாயை அடைத்த பிறகும் ஓடைகள் ஏன் தெளியவில்லை என்ற கேள்விக்கு விடையின் பெரிய பங்கு தெருவிலேயே கிடந்தது.

அதன் பிறகு 1987-ல் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், சட்டத்தைத் திருத்தியது. ஆறு, ஏரிகளில் மழைநீரை விடுவதற்கே இனி நகரங்கள் அனுமதி வாங்க வேண்டும் என்றாகிவிட்டது. 1990-ல் வந்த விதி ஒரு லட்சம் பேருக்கு மேல் உள்ள ஊர்களைப் பிடித்தது. 1999-ல் வந்த இரண்டாம் கட்டம் அதைவிடச் சிறிய நகர்ப்புற ஊர்களையும் உள்ளே இழுத்துக்கொண்டது. அந்த அனுமதியில் ஒரு நிபந்தனை: மழைநீர் அல்லாத எதுவும் தன் மழைக் குழாய்க்குள் வராமல் நகரம் திறம்படத் தடுக்க வேண்டும். தடுப்பதற்கு நகரத்திடம் ஒரு விதி வேண்டும், அதை மீறினால் தண்டிக்கும் அதிகாரம் வேண்டும், மீறுகிறவர்களைத் தேடிப் பிடிக்க ஆள் வேண்டும்.

ஆக, குழாயின் அந்த முனையில் வந்து விழுவதற்கெல்லாம் பொறுப்பு நகரம். கூட்டாட்சிச் சட்டப் புத்தகத்தில் இருக்கும் உச்ச அபராதம் ஒரு மீறலுக்கு நாளொன்றுக்கு 25,000 டாலர். பணவீக்கத்துக்கு ஏற்ப ஏற்றி ஏற்றி அது இப்போது 60,000 டாலரைத் தாண்டிவிட்டது. உங்கள் வாளிக்கு யாரும் அந்தத் தொகையைக் கேட்கப் போவதில்லை, பயப்பட வேண்டாம். நகர மன்றங்கள் அவசர அவசரமாக இந்த விதிகளை நிறைவேற்றிய கதை இது. இ.பி.ஏ ஒரு மாதிரி விதியை எழுதி வைத்திருந்தது. ஊர் ஊராக அதை எடுத்து, பெயரை மாற்றி, கொஞ்சம் கூட்டிக் குறைத்துப் போட்டுக்கொண்டார்கள். அதனால்தான் பார்க்காமலேயே முக்கால்வாசி சொல்லலாம் என்றேன்.

விதியின் முதுகெலும்பு ஒரே ஒரு வரையறை. 'முழுக்க முழுக்க மழைநீராக இல்லாத எதுவும்' மழைக் குழாய்க்குள் போகக் கூடாது. அதில் 'அழுக்கான' என்ற சொல் இல்லை என்பதைக் கவனியுங்கள். 'விஷமான' என்றும் இல்லை. பெயின்ட்காரர்கள் எல்லோரும் சொல்லும் சமாதானம், "அது ஆயில் பெயின்ட் இல்லை சார், தண்ணீரில் கரையும் பெயின்ட்" என்பது. தண்ணீரில் கரையும் என்றால் தண்ணீரோடு போகும் என்றுதான் பொருள். லேடெக்ஸ் என்று சொல்லும் இந்தப் பெயின்ட்டில் நிறமிகள், பிளாஸ்டிக் குழம்பு, டப்பாவுக்குள் பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் போடும் உயிர்க்கொல்லி எல்லாம் இருக்கும். அரை வாளி போதும், முழங்கால் அளவு ஓடும் ஒரு சின்ன ஓடையைக் கொஞ்ச தூரத்துக்கு மோர் மாதிரி ஆக்கிவிட.

இப்படி ஒரேயடியாகத் தடுத்துவிட்டால் ஊரில் யாரும் செடிக்குத் தண்ணீர்கூட ஊற்ற முடியாது. அதனால் பின்னாலேயே ஒரு விலக்குப் பட்டியலும் வருகிறது. தீயணைப்புத் தண்ணீர், புல்வெளிக்குப் பாய்ச்சி வழிவது, ஊற்று நீர், வீட்டு அஸ்திவாரத்தைச் சுற்றி ஊறும் நிலத்தடி நீர், குடிநீர்க் குழாயை அலசிவிடும் தண்ணீர் என்று அது நீளும். உங்கள் மூன்று கேள்விகளுக்கும் பதில் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது.

ஏசி தண்ணீர் விலக்கில் இருக்கிறது. அது காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டுவது. அதைப் பற்றிக் கவலையை விடுங்கள்.

கார் கொஞ்சம் சிக்கல். சொந்தக் காரைச் சொந்த வீட்டு வாசலில் கழுவுவது கூட்டாட்சிப் பட்டியலில் விலக்காகவே இருக்கிறது. ஆனால் நகரம் விரும்பினால் அந்த விலக்கைக் கிழித்துப் போடலாம், சில ஊர்கள் அப்படிச் செய்தும் இருக்கின்றன. உங்கள் ஊர் விதியில் விலக்குகள் பகுதியை மட்டும் எடுத்துப் படித்துப் பாருங்கள், அரைப் பக்கம்தான் இருக்கும். என் சொந்த அபிப்பிராயம், இந்த விலக்கில் அறிவியலைவிட அரசியல் அதிகம். காரைக் கழுவும்போது சோப்பு மட்டுமா போகிறது? பிரேக் தேய்ந்த தூளில் இருக்கும் செம்பு, டயரிலிருந்து வரும் துத்தநாகம், கசிந்த எண்ணெய் எல்லாம் சேர்ந்தே போகும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஹோஸ் பைப்போடு நிற்கும் ஒவ்வொரு வீட்டுக்காரரோடும் சண்டை போட எந்த அரசாங்கத்துக்குத் தெம்பு இருக்கிறது? கலிபோர்னியாவும் வாஷிங்டன் மாநிலமும் 2010-ல் வேறு வழி பிடித்தன. பிரேக் பேடிலேயே செம்பைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்லிச் சட்டம் போட்டன. கழுவுகிறவனைத் துரத்துவதைவிடச் செய்கிறவனைப் பிடிப்பது நல்ல யோசனைதான்.

வாசலில் கழுவித்தான் ஆக வேண்டும் என்றால் காரைப் புல் மேல் நிறுத்திக் கழுவுங்கள். மண் வடிகட்டிவிடும். 'மக்கும் சோப்பு' என்று பாட்டிலில் எழுதியிருப்பதை நம்பித் தெருவில் விடாதீர்கள். அது மக்குவதற்கு நாளும் ஆகும், தண்ணீரில் இருக்கும் ஆக்ஸிஜனும் செலவாகும். மீனின் செவுளில் சோப்பு படும்போது அது இன்னும் சோப்புதான். இன்னொன்று, வீட்டு விலக்கு வீட்டுக்காரருக்கு மட்டும். வேனில் வந்து கார் கழுவித் தருகிறவருக்கோ, பிரஷர் வாஷர் வைத்து டிரைவ்வே கழுவித் தருகிறவருக்கோ அது பொருந்தாது. அவர்கள் தண்ணீரைத் தேக்கி, உறிஞ்சி எடுத்து, கழிவுநீர்க் குழாயில் விட வேண்டும்.

நீச்சல் குளம் விலக்கில் இருக்கிறது, ஆனால் ஒரு சொல் முன்னால் ஒட்டியிருக்கும்: குளோரின் நீக்கிய. குளத்தில் சாதாரணமாக லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை குளோரின் வைத்திருப்பீர்கள். பல நகரங்கள் கேட்பது 0.1-க்குக் கீழே. நமக்குக் கண் எரியாத அளவே மீனுக்கு எமன். குளோரின் போடுவதை நிறுத்திவிட்டு ஒரு வாரம் போல வெயிலில் விட்டால் தானாக இறங்கும், சோதனைத் தாளில் பார்த்துக்கொள்ளலாம். அப்புறம், உப்புநீர்க் குளம் வைத்திருப்பவர்கள் தங்கள் குளத்தில் குளோரினே இல்லை என்று வாதாடுவதை நிறையக் கேட்டிருக்கிறேன். அந்த உப்பிலிருந்து அந்த மெஷின் தயாரிப்பதே குளோரின்தான். உப்பு வேறு கூடுதல். அந்தத் தண்ணீரைக் கழிவுநீர்க் குழாயில்தான் விட வேண்டும் என்று பல ஊர்கள் சொல்கின்றன. குழந்தைகளுக்கு ஊதி வைக்கும் ரப்பர் குளமா? புல்வெளியில் கவிழ்த்துவிடுங்கள், யாரும் வர மாட்டார்கள்.

இப்போது உங்களை அதிகம் உறுத்தும் கேள்வி. ஊற்றியது அவர், நோட்டீஸ் எனக்கு ஏன்?

பெரும்பாலான ஊர் விதிகளில் குற்றவாளி யார் என்பதை ஒரு நீண்ட வாக்கியத்தில் அடைத்திருப்பார்கள். செய்தவர், செய்ய வைத்தவர், தெரிந்தும் செய்ய விட்டவர், அந்த இடத்தின் சொந்தக்காரர் என எல்லோரும் அதில் வருவார்கள். வேண்டுமென்றே செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்பது பொதுவாகக் கேள்வியே இல்லை. போனதா இல்லையா, அவ்வளவுதான் பார்ப்பார்கள். ஆய்வாளர் கோணத்தில் யோசித்தால் இதில் ஒரு நியாயமும் இருக்கிறது. பெயின்ட்காரர் வேனில் ஏறிப் போய்விட்டார். அவர் பெயர் எனக்குத் தெரியாது. வீடு அங்கேயேதான் இருக்கிறது, அதன் விலாசமும் சொந்தக்காரர் பெயரும் என் கணினியில் இருக்கின்றன. சுத்தம் செய்த செலவை யாரும் கட்டாவிட்டால் அந்தச் சொத்தின் மேலேயே பாக்கியாக ஏற்றவும் பல விதிகளில் இடம் உண்டு.

இது முழு அநியாயம் இல்லை என்று சொன்னேனே தவிர, எனக்கு முழுத் திருப்தி என்றும் சொல்ல மாட்டேன். வாரத்துக்கு நாலு வீடு முடிக்கும் பெயின்ட்காரர் ஒரு நோட்டீஸும் வாங்காமல் தப்புகிறார், ஒரே ஒரு முறை பெயின்ட் அடித்த வீட்டுக்காரர் மாட்டுகிறார். இதற்காகச் சில ஊர்களில் ஒப்பந்தக்காரருக்கும் தனியாக நோட்டீஸ் கொடுப்பார்கள். நீங்கள் அவர் பெயரையும் ரசீதையும் கொடுத்தால் அது சாத்தியம். கொடுக்கத் தயங்காதீர்கள்.

ஆய்வாளர் வீட்டுக்குள் வரலாமா என்று அடுத்து எல்லோரும் கேட்பார்கள். விதியில் 'நுழையும் உரிமை' என்று ஒரு பகுதி இருக்கும், படித்தால் மிரட்டலாகத்தான் இருக்கும். ஆனால் 1967-ல் கமாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: வீட்டுச் சோதனைக்கு வரும் நகராட்சி ஆய்வாளரானாலும், வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை என்றால் வாரன்ட் வேண்டும். தெருவிலும் நடைபாதையிலும் நின்று பார்ப்பதற்கு எதுவும் வேண்டாம். உங்கள் விஷயத்தில் தெருவே போதும். சுவரிலிருந்து கம்பித்தட்டி வரை வெள்ளைக் கோடு காய்ந்து கிடந்திருக்கும்.

எல்லா வழக்கும் அப்படி எளிதாகக் கிடைப்பதில்லை. இந்த வேலையில் எனக்குப் பிடித்ததே துப்பறியும் பகுதிதான், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

மழை நின்று மூன்று நாள் ஆன பிறகு மழைக் குழாய் காய்ந்து கிடக்க வேண்டும். அப்போதும் ஓடை ஓரத்தில் குழாய் வாயிலிருந்து தண்ணீர் வழிந்தால், எங்கேயோ எதுவோ தப்பாக இணைந்திருக்கிறது. வழியும் தண்ணீரைச் சின்னச் சீசாவில் பிடித்துச் சோதிப்போம். ஃபுளோரைடு இருந்தால் அநேகமாக அது குழாய்த் தண்ணீர், ஏனென்றால் பல ஊர்களில் குடிநீரில் அதைச் சேர்க்கிறார்கள். சோப்பு இருந்தால் ஏதோ கழுவிய தண்ணீர். அம்மோனியாவும் பொட்டாசியமும் சேர்ந்து ஏறியிருந்தால், சொல்லவே வேண்டாம், கழிப்பறை. அதன் பிறகு மேன்ஹோல் மேன்ஹோலாக மூடியைத் தூக்கிப் பார்த்து மேலே ஏற வேண்டும். குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் எது ஈரம், எது காய்ந்தது என்று பார்த்து ஈரத்தின் பின்னால் போவோம்.

ஒரு முறை ஒரு குழாய் வாயில் சாம்பல் நிறத்தில் நூல் மாதிரி ஒழுகிக்கொண்டிருந்தது. போகும்போதெல்லாம் ஒழுகாது. சனிக்கிழமை ஒழுகும், செவ்வாய்க்கிழமை காய்ந்து கிடக்கும். இப்படி விட்டு விட்டு வருவதைப் பிடிக்க ஒரு எளிய தந்திரம் உண்டு. வெள்ளைப் பஞ்சுத் துண்டு ஒன்றைக் கம்பி வலைக்குள் வைத்துக் குழாய்க்குள் கட்டித் தொங்கவிட்டுவிட்டு, சில நாள் கழித்து எடுப்போம். சலவைத்தூளில் துணி பளிச்சென்று தெரியக் கலக்கும் ஒரு பொருள் உண்டு. அது பஞ்சில் ஒட்டிக்கொள்ளும். இருட்டறையில் புற ஊதா விளக்கை அடித்தால் பஞ்சு நீலமாக ஒளிரும். எங்கள் பஞ்சு ஒளிர்ந்தது. மூன்று வாரம், ஆறு மேன்ஹோல், ஒவ்வொன்றிலும் பஞ்சு. கடைசியில் ஐந்து வீடுகள் உள்ள ஒரு முட்டுச்சந்தில் வந்து நின்றோம்.

நான்காவது வீட்டில் வயதான ஒருவர் தனியாக இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் தாராளமாக உள்ளே விட்டார். அவருடைய சலவை மெஷினில் பச்சைச் சாயத்தைக் கொஞ்சம் போட்டு ஓடவிட்டோம். கண்ணுக்குப் பளீரென்று தெரியும், ஆளுக்கும் மீனுக்கும் கெடுதல் செய்யாத சாயம் அது. நான் வெளியே மழைநீர் மேன்ஹோல் பக்கத்தில் குந்தியிருந்தேன். மெஷின் தண்ணீரை வெளியே தள்ளும் சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்டது. அடுத்த நான்காவது நிமிஷம், கீழே இருட்டுக்குள் கிளிப்பச்சையில் ஒரு கோடு இறங்கி வந்தது. கராஜைக் கட்டிய முந்தைய சொந்தக்காரர் மெஷின் குழாயை, பக்கத்தில் கைக்கு எட்டிய கூரைத் தண்ணீர்க் குழாயில் சொருகியிருந்தார். இவர் வீட்டை வாங்கிப் பதினோரு வருஷம். மனுஷர் மேன்ஹோலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "பேரன் துணியெல்லாம் அந்த ஓடையிலேயா?" என்று மட்டும் கேட்டார். அவருக்கு நாங்கள் அபராதம் போடவில்லை. குழாயை மாற்ற முப்பது நாள் கொடுத்தோம், இருபதாம் நாளே மாற்றிவிட்டார்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. விதியில் 'ஊற்றாதே' என்பது ஒரு பகுதி, 'தப்பாக இணைக்காதே' என்பது இன்னொன்று. இரண்டாவது பகுதி பழைய இணைப்புகளையும் சேர்த்தே பிடிக்கும். கட்டியபோது அது சட்டப்படி சரியாக இருந்தாலும் இப்போது செல்லாது என்று பெரும்பாலான ஊர்கள் எழுதியிருக்கின்றன. பழைய வீடு வாங்குகிறவர்கள் கராஜிலும் நிலவறையிலும் தரையில் இருக்கும் ஓட்டை எந்தக் குழாயில் சேர்கிறது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

ஒரு ஓடையின் நோய் இன்னொரு ஓடைக்கு இருக்காது. அதனால் இந்தப் பொது விதிக்கு மேலே ஒவ்வொரு ஊரும் தன் ஓடைக்கு ஏற்றபடி ஒன்றைச் சேர்த்துக்கொள்ளும். டெக்சஸில் ஆஸ்டின் நகரம் ஓடை வண்டலில் கிடைத்த நச்சைப் பின்தொடர்ந்து போனபோது, அது கார் நிறுத்துமிடங்களுக்குப் பூசும் நிலக்கரித் தார்ப் பூச்சில் வந்து நின்றது. 2006 முதல் அந்தப் பூச்சுக்கே அங்கு தடை. நாட்டிலேயே அப்படித் தடை போட்ட முதல் நகரம் அதுதான். புளோரிடாவில் சரசோட்டா கவுன்டி 2007-ல் ஒரு விதி போட்டது. ஜூன் முதல் செப்டம்பர் வரை, அதாவது மழைக்காலம் முழுக்க, புல்வெளிக்கு நைட்ரஜன், பாஸ்பரஸ் உரம் போடக் கூடாது. போட்ட உரம் அடுத்த மழையில் வளைகுடாவில் போய்ப் பாசி வளர்க்கிறது என்பதுதான் காரணம். மிச்சிகனில் ஆன் ஆர்பர் நகரம் அதே ஆண்டு பாஸ்பரஸ் உரத்தைக் கட்டுப்படுத்தியது. அதன் பிறகு ஹியூரான் ஆற்றில் பாஸ்பரஸ் குறைந்ததை ஆராய்ச்சியாளர்கள் அளந்து எழுதியிருக்கிறார்கள். லாஸ் ஏஞ்சலஸுக்குப் பிரச்சினை குப்பை. அந்த ஊர் ஆற்றில் குப்பை பூஜ்யம் ஆக வேண்டும் என்று 2001-ல் இலக்கு வைத்து, தெருவோர வாய்களில் சல்லடை மாட்ட ஆரம்பித்தார்கள். 2015-ல் கலிபோர்னியா மாநிலம் முழுவதற்கும் விதி வந்தபோது, 5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட எதையும் விடாத சல்லடை என்று கணக்கே போட்டுவிட்டார்கள்.

விதியால் ஆகாததும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். சியாட்டில் பக்கம் ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்கள் முட்டையிட வந்து, மழை பெய்த சில மணி நேரத்தில் வாயைப் பிளந்து சுற்றிச் சுற்றிச் செத்துக்கொண்டிருந்தன. பல வருஷம் காரணம் தெரியவில்லை. 2020 டிசம்பரில்தான் காரணத்தை வெளியிட்டார்கள்: டயர் ரப்பர் விரிசல் விடாமல் இருக்கச் சேர்க்கும் 6பிபிடி என்ற பொருள் காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து உண்டாகும் 6பிபிடி-குயினோன். இதை யாரும் வாளியில் ஊற்றவில்லை. வண்டி ஓட்டினாலே போதும். எந்த நோட்டீஸை எந்தக் கதவில் மாட்டுவது? அங்கே உதவுவது மண்தான். தெருத் தண்ணீரை மணலும் மட்கும் கலந்த படுகை வழியாக வடித்துவிட்டால் அதே மீன்கள் பிழைக்கின்றன என்று சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். உங்கள் தண்ணீர் பில்லில் 'மழைநீர்க் கட்டணம்' என்று ஒரு வரி இருந்தால், அந்த மாதிரி வேலைக்கும் சேர்த்துத்தான் அது. கூரை, டிரைவ்வே என்று தண்ணீர் இறங்காத பரப்பு எவ்வளவு என்று பார்த்துப் பல ஊர்கள் அதைப் போடுகின்றன. வாஷிங்டன் மாநிலத்தில் பெல்வியூ நகரம் 1974-லேயே இதற்கென்று தனி அமைப்பு வைத்துவிட்டது.

வீடு கட்டுகிறவர்களுக்கு மண் அரிப்பு, கான்கிரீட் கழுவும் குழி என்று தனி விதிகள் உண்டு. அது உங்களுக்கு இப்போது வேண்டாம்.

இனி நோட்டீஸுக்கு வருவோம். அதில் ஒரு தேதியும் ஒரு போன் நம்பரும் இருக்கும். தேதிக்கு முன்னால் அந்த நம்பருக்குப் பேசுங்கள். முதல் முறை என்றால் பெரும்பாலும் எச்சரிக்கையோடு விடுவார்கள், ஆனால் பேசாமல் இருந்தால் அடுத்த படிக்குத் தானாகப் போகும். என்ன பெயின்ட், எவ்வளவு, யார் ஊற்றினார், எப்போது என்று உள்ளதைச் சொல்லுங்கள். பெயின்ட்காரரின் ரசீதை அனுப்புங்கள். அபராதம் போட்டிருந்தால் மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள் என்று நோட்டீஸிலேயே இருக்கும், அந்த நாளைத் தவறவிட்டால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் பயன் இல்லை. அடுத்த முறை வேலைக்கு ஆள் வைக்கும்போது, கழுவுகிற தண்ணீர் தெருவுக்குப் போகக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். லேடெக்ஸ் பெயின்ட் பிரஷை வீட்டுக்குள் இருக்கும் தொட்டியில் கழுவலாம், வீடு நகரக் கழிவுநீர்க் குழாயில் இணைந்திருந்தால். ஆயில் பெயின்ட்டையும் தின்னரையும் எந்தத் தொட்டியிலும் விடக் கூடாது, ஊரில் அபாயகரக் கழிவு வாங்கும் நாளில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

தெருவோரம் காய்ந்து கிடக்கும் அந்த வெள்ளைக் கோட்டை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். காய்ந்ததைச் சுரண்டி, ஈரமாக இருப்பதன் மேல் மணலோ பூனைக்குப் போடும் களிமண் துகளோ தூவி, ஊறியதும் பெருக்கி அள்ளி, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். ஹோஸ் பைப்பை மட்டும் எடுக்காதீர்கள். நோட்டீஸ் வந்த பதற்றத்தில் அதைத்தான் எல்லோரும் முதலில் எடுப்பார்கள். மிச்சப் பெயின்ட்டையும் கழுவி அதே கம்பித்தட்டிக்குள் தள்ளினால் அது இரண்டாவது மீறல், இந்த முறை செய்தது நீங்களே.